நான் கூப்பிடாத பேர்

எய்யா,

உன் பிள்ளைக்கு இன்றைக்குக் காலையில் பேர் வைத்தோம். தொட்டிலுக்கு உன் வேட்டியைத்தான் கட்டினோம். பட்டாளத்துக்குப் போகிற அன்று நீ கொடியில் விட்டுப்போனாயே, அந்த வேட்டி. உலகம்மா அதை வெளுக்கப் போடாமல் மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தாள். நேற்றுத்தான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு தண்ணீரில் நனைத்தாள். வெயிலில் காய்ந்துகொண்டிருந்தபோது அதன் பக்கத்திலேயே நின்றாள், யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. பிள்ளை உன்னை உரித்து வைத்திருக்கிறான் என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. காது மட்டும் உன் காது. என்ன பேர் வைத்தோம் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். நீ நேரில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். பர்மாப் பக்கத்துக் காட்டில் காய்ச்சல் வந்து நீ போய்விட்டாய் என்று தந்தி வந்தது. சொல்ல வேண்டியது மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

நான் சுரண்டையில் வேதக்கோயில் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். எழுத்து கோணலாகத்தான் வரும், நீயே சிரித்திருக்கிறாய். இதைத் தெருவில் யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். மறைத்து வைத்ததெல்லாம் போதும். உன் பேர் குத்தாலிங்கம். பார், எழுதிவிட்டேன். கை கொஞ்சம் கூசியது, அவ்வளவுதான். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்று இந்த வீட்டில் விதி உண்டு. எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் இந்த வீட்டில் எழுதத் தெரிந்த பொம்பளை வாழ வராததால், அப்படி ஒரு விதி போட யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

உன் தாத்தா பேர்தான் உனக்கு. குத்தாலத்துச் சாமியின் பேர். மேலகரத்திலிருந்து தென்காசிக்குப் போகிற வழியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை விட்டெறிந்தால் அது ஒரு குத்தாலிங்கத்தின் மேல்தான் விழும் என்று சுரண்டை மாமா கேலி பண்ணுவார். அந்தப் பேரை உனக்கு, உன் அப்பாவைப் பெற்ற ஆச்சி வைத்ததாக நீ நினைத்துக்கொண்டிருந்தாய். ஊரும் அப்படித்தான் நினைத்தது. இல்லை எய்யா. வைத்தது நான்.

நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் தாத்தா காலமானார். நான் இந்த வீட்டுக்கு வந்து நாளாகியும் ஆச்சிக்கு நான் ‘சுரண்டைக்காரி’தான். என்னை நேராகப் பார்த்து எதுவும் சொல்ல மாட்டாள். மாட்டைப் பார்த்துச் சொல்லுவாள், உரலைப் பார்த்துச் சொல்லுவாள், நான் கேட்டுக்கொள்ள வேண்டும். அரங்கு வீட்டுச் சாவி எப்போதும் அவள் இடுப்பில் கிடக்கும். அரிசியும் கருப்பட்டியும் எண்ணெயும் அந்த இருட்டு அறைக்குள்ளே இருக்கும். ஒவ்வொரு வேளைக்கும் நான் போய் நிற்க வேண்டும், அவள் எழுந்து திறந்து, அளந்து, மறுபடி பூட்டுவாள். விருந்தாளி வந்திருக்கிற நேரம் பார்த்துக் கொஞ்சம் தாமதமாகத்தான் எழுந்திருப்பாள். நான் பிள்ளையாண்டிருந்தபோது கொஞ்சம் கருப்பட்டிக்கு ஆசைப்பட்டு அந்தக் கதவுக்கு முன்னால் நின்று, கேட்காமல் திரும்பி வந்திருக்கிறேன்.

நீ பிறந்தாய். இலஞ்சிக் குமாரருக்கு நான் நேர்ந்துகொண்டிருந்தேன், ஆண் பிள்ளை பிறந்தால் சுப்பையா என்று பேர் வைக்கிறேன் என்று. உன் அப்பாவுக்கும் அதுதான் சம்மதம். பேர் வைப்பதற்கு முந்தின நாள் நான் அவரிடம் போய், உங்கள் அப்பா பேரையே வைத்துவிடுவோம் என்றேன். அவருக்கு ஆச்சரியம்.

“ஏட்டி, நீ எப்படிக் கூப்பிடுவ? பெத்தவ வாய் நெறையக் கூப்பிட முடியாத பேரு பிள்ளைக்கு எதுக்கு?” என்றார்.

“நான் எப்படியும் கூப்பிட்டுக்கிடுதேன். அவுக பேரு இந்த வீட்டுல மறுபடி வெளங்க வேண்டாமா?” என்றேன்.

அதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆச்சி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அவள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். விழுந்தது. உனக்குப் பேர் வைத்து முடித்து, வந்தவர்கள் இலையிலிருந்து எழுந்த பிறகு, ஆச்சி என் முகத்தைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து முதல் தடவையாகப் பார்த்தாள். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள். எனக்கு அன்றைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் அரங்கைத் திறந்து ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் போட்டுக்கொண்டு இருட்டுக்குள்ளேயே நின்றேன். வெளியே தொட்டிலில் நீ அழுதாய். வந்து தூக்கினேன். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தபோதுதான், கூப்பிட என்னிடம் பேர் இல்லை என்பது உறைத்தது. ‘எய்யா’ என்றேன். ஊரில் எல்லாத் தாயும் எல்லாப் பிள்ளையையும் கூப்பிடுகிற எய்யா. உன் பேரைக் கொடுத்துத்தான் நான் அந்தச் சாவியை வாங்கினேன் என்று சொன்னால் கோபப்படாதே. உண்மை அதுதான்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் அந்தப் பேரைச் சொல்ல ஆளில்லை. ஆச்சி புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். உன் அப்பா, தகப்பன் பேரைச் சொல்லிப் பிள்ளையை எப்படித் திட்டுவது என்று ‘ஏலே’யோடு நிறுத்திக்கொண்டார். ஆச்சி உன்னை மரியாதையாகத்தான் நடத்தினாள். உனக்குக் கோவணம் கட்டும்போதுகூட, “காலத் தூக்குங்க” என்பாள். நீ அவள் மடியை நனைத்தால், “என்ன இப்படிப் பண்ணிப்போட்டீக” என்று கேட்பாள். உன் அப்பா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவார். நானும் சிரித்திருக்கிறேன். எனக்கு வேறொரு சங்கடமும் இருந்தது. குத்தாலம் என்று அருவி விழுகிற ஊர்ப் பேரையும் சொல்ல முடியாது. குத்தாலத்துக்கு நான் அருவிக்கரை என்றே பேர் வைத்துக்கொண்டேன். காய்கறிக்காரி எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் அருவிக்கரைக்கு என்பேன். “எந்த அருவிக்கரை, தண்ணி விழுதே, அந்த அருவிக்கரையா?” என்று அவள் வேண்டுமென்றே இழுப்பாள்.

நீ பள்ளிக்கூடம் போன முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? வாத்தியார் குத்தாலிங்கம் என்று கூப்பிட்டிருக்கிறார். வேறு பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் எழுந்து நின்றிருக்கிறார்கள். நீ உட்கார்ந்தே இருந்திருக்கிறாய். உன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று உனக்குத் தெரியவில்லை. தெரிய வழியில்லையே. வாத்தியார் கொழுப்பு என்று நினைத்து உள்ளங்கையில் பிரம்பால் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து சிவந்த கையைக் காட்டினாய்.

“எம் பேரு குத்தாலிங்கமாம்மா?”

“ஆமாய்யா.”

“நீ ஒருக்கா சொல்லு.”

நான் உன்னைத் தூக்கிக்கொண்டு அரங்குக்குள்ளே போனேன். சாவிதான் என்னிடம் இருந்ததே. பெரிய துண்டாகக் கருப்பட்டி எடுத்து உன் வாயில் வைத்தேன். நீ கருப்பட்டியைச் சப்பிக்கொண்டே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அது கரைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். பிறகு நீ என்னைக் கேட்கவே இல்லை. பிள்ளைகள் ஒரு தடவைதான் கேட்கும் எய்யா. கிடைக்காது என்று தெரிந்துவிட்டால் கேட்கிறதை விட்டுவிடும், ஆசையை விடாது. இது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது.

சாரல் காலத்தில் ஒரு தடவை அருவிக்குப் போனோமே, அப்போது உனக்குப் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. பெரிய அருவியில் கூட்டம் சொல்லி முடியாது. உன் அப்பா ஆண்கள் பக்கம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனார், திரும்பி வரும்போது தனியாக வந்தார். நீ அவர் கையை விட்டுவிட்டாய். அவர் ஒரு பக்கம் ஓடினார், நான் கரையில் நின்று எய்யா எய்யா என்று கத்தினேன். தண்ணீர் இரைச்சலில் அது என் காதுக்கே எட்டவில்லை. அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருத்தர், நல்ல கனமான குரல், என்னிடம் வந்து பிள்ளை பேர் என்ன என்று கேட்டார். நான் கோயிலைக் கையால் காட்டி, இந்தச் சாமி பேர் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சரியாப் போச்சு. இங்கன நின்னுக்கிட்டு அந்தப் பேரச் சொன்னா பாதி ஊரு வந்து நிக்குமே தாயி” என்றார்.

ஆனாலும் கையைக் குவித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டார் பார், தலையில் எண்ணெய் வழிய நரைத்த ஆட்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த ஆட்களுக்கு நடுவிலிருந்து நீ நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி வந்தாய். அழவில்லை. அவரை அண்ணாந்து பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். “நீ ஏம்மா கூப்பிடல?” என்றாய். உன் தலையைத் துவட்டுகிற சாக்கில் முந்தானையால் உன் முகத்தை மூடிவிட்டேன்.

இந்த மாதிரி எத்தனையோ. ஆச்சி போய்ச் சேர்ந்தபோது நீ மீசை முளைத்த பிள்ளை. அவளை எடுத்துப் போன பிறகு இந்த வீட்டில் எனக்குக் கட்டளை போட ஆளில்லை. அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? உன் அப்பா ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டார். ஆனால் வாய் பழகிவிட்டது. செருப்பில்லாமலே நடந்து பழகின காலுக்குச் செருப்பு கடிக்கிற மாதிரி, அந்தப் பேர் என் நாக்குக்குச் சேரவில்லை. அச்சன்புதூரிலிருந்து உலகம்மாவை உனக்குக் கட்டிக்கொண்டு வந்தோம். வாசலில் பெண்கள் அவளை மறித்துக்கொண்டு, புருஷன் பேரைச் சொன்னால்தான் உள்ளே விடுவோம் என்று வம்பு பண்ணினார்கள். அவள் தலையைக் குனிந்தபடியே, “எங்க அத்த சொல்லட்டும், பின்னால நான் சொல்லுதேன்” என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். நீ மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

பிறகு பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி வந்தது. உன் சேக்காளிகள் எழுதிக்கொடுத்தார்கள், நீயும் போய் எழுதிக்கொடுத்துவிட்டு வந்து சொன்னாய். உலகம்மாவுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருந்தது. நான் உன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். பேசாமல் இருந்தால் நீ போகாமல் இருப்பாய் என்று நினைத்தேன். ஆச்சியிடமிருந்து அதையும் கற்றுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, “இலை போட்டிருக்கு” என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். அவள் எனக்குச் செய்ததை அப்படியே உனக்குச் செய்தேன். நீ புறப்படுகிற அன்று, விடியுமுன்னே எழுந்து உனக்குப் பிடித்த புளிச்சோறு கிளறி, எண்ணெய் மிதக்க வாழையிலையில் கட்டி வைத்தேன். கட்டி வைத்துவிட்டு அரங்குக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். நீ வாசலில் வந்து நின்றாய்.

“போயிட்டு வாரேன்மா.”

கொஞ்ச நேரம் நின்றாய். பதில் வரும் என்று நின்றாய். உன் நிழல் கதவுக்கடியில் தெரிந்தது. அது அசைந்தபோது எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். வீம்பு விடவில்லை. நீ அப்பாவோடு படியிறங்கிப் போய்விட்டாய், சோற்றுப் பொட்டலம் அடுப்படியில் அப்படியே இருந்தது.

நீ படியிறங்கிப் போனது வரைக்கும் உனக்குத் தெரியும். இதற்கு மேல் உனக்குத் தெரியாது. பொட்டலத்தைப் பார்த்த பிறகு என்னால் இருக்க முடியவில்லை. உலகம்மா பின்கட்டில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள், நான் போனதை அவள் கவனிக்கவில்லை. மேலகரத்திலிருந்து தென்காசி ஸ்டேஷன் வரைக்கும் பொட்டலத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தேன். பிளந்து நிற்கிற கோயில் கோபுரம் தெரிந்தபோது அதைப் பார்த்து ஒரு கும்பிடு, ரயிலை நிறுத்தி வை சாமி என்று. நிறுத்தித்தான் வைத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது செங்கோட்டை ரயில் நின்றுகொண்டிருந்தது. ஸ்டேஷன் முழுக்கத் தாய்மார்கள். உள்ளே போக வழியில்லை. நான் குட்டையானவள், உனக்குத்தான் தெரியுமே. எம்பி எம்பிப் பார்த்தேன். ஒரு பெட்டி வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ நின்றாய். கூட்டத்துக்கு மேலே தலையைத் தூக்கி, ஊர்ப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாய். யாரைத் தேடினாய் என்று எனக்குத் தெரியும். நான் பாதையில் இல்லை எய்யா. பக்கவாட்டில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றேன். நீ இந்தப் பக்கம் தலையைத் திருப்பினால் போதும்.

‘எய்யா’ என்று கத்தினேன். என் பக்கத்திலிருந்தவளும் எய்யா என்றாள். அதற்குப் பக்கத்திலிருந்தவளும். ஸ்டேஷனே எய்யா எய்யா என்று கதறியது. என் சத்தத்துக்கு யார் யார் பிள்ளைகளெல்லாமோ திரும்பிப் பார்த்தார்கள், நீ திரும்பவில்லை. என்னை இடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்பிள்ளை, யாரோ புளியறைப் பக்கத்துக்காரி, என் பதைப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“எய்யான்னா எவன் திரும்புவான்? பேரச் சொல்லிக் கூப்பிடுங்க.”

வாயைத் திறந்தேன். பேர் தொண்டை வரைக்கும் வந்தது. முதல் எழுத்து நாக்கில் நின்றது. செத்துப்போன மாமனாருக்கும் செத்துப்போன மாமியாருக்கும் பயந்து, அத்தனை கூட்டத்தில் என்னை யாரென்றே தெரியாத ஊரார் நடுவில், என் வாய் மூடிக்கொண்டது. விசில் ஊதினார்கள். வண்டி நகர்ந்தது. நீ கடைசி வரைக்கும் பாதையைத்தான் பார்த்துக்கொண்டு போனாய்.

உன் அப்பா கண்ணில் படாமல் நான் முன்னாலேயே திரும்பிவிட்டேன். பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுவரத் தைரியமில்லை. சிற்றாற்றங்கரையில் இலையைப் பிரித்து வைத்தேன், காக்கைகள் வந்து தின்றன. அப்போது அது ஒன்றும் தோன்றவில்லை. தந்தி வந்த பிறகுதான் தோன்றியது, உயிரோடு ரயிலில் போய்க்கொண்டிருந்த பிள்ளைக்குக் கட்டின சோற்றை நான் காக்கைக்கு வைத்தேனே என்று. இன்றைக்கும் ஒரு காக்கை வந்து கூரையில் உட்கார்ந்தால் நான் உள்ளே போய்விடுகிறேன்.

நீ போட்ட காகிதத்திலெல்லாம், “அம்மா ஸ்டேஷனுக்கு வரவில்லையே, இன்னும் கோபமா?” என்று கேட்டிருந்தாய். பதில் எழுதினது நான்தான். மாடு கன்று போட்டதை எழுதினேன். சாரல் நன்றாக இருக்கிறது என்று எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதினேன். வந்தேன் என்று மட்டும் எழுதவில்லை. வந்தேன் என்று எழுதினால், பிறகு ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பாய். சின்னப் பிள்ளையில் அருவிக்கரையில் கேட்ட மாதிரியே கேட்பாய். கோபத்தோடு இருக்கிற தாய் என்று நீ நினைத்தால் பரவாயில்லை, வந்தும் கூப்பிடாத தாய் என்று தெரிய வேண்டாம் என்று இருந்துவிட்டேன். நீ அப்படியே நினைத்துக்கொண்டு போய்விட்டாய்.

உலகம்மா அச்சன்புதூரில் அவள் தாய் வீட்டில் பெற்றாள். மூன்றாம் மாதம் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்கள். பேர் இங்கேதான் வைக்க வேண்டும். உன் அப்பா உடனே சொல்லிவிட்டார், பேரைப் பற்றி யோசிக்க என்ன இருக்கிறது, அதே பேர்தான் என்று. நான் வேண்டாம் என்றேன். வேறு எந்தப் பேரானாலும் சரி, சுப்பையா, மாடசாமி, காசி, எது வேண்டுமானாலும் வையுங்கள் என்றேன். காரணம் கேட்டார். சொல்லவில்லை. ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு.

“அன்னைக்கு நான் வேண்டாம்னேன், நீ கேக்கல. இன்னைக்கு நான் வேணுங்கேன், நீ வேண்டாங்குற. எங்க அப்பா பேரும் எம் பிள்ள பேரும் உனக்கு அம்புட்டு வேண்டாததாப் போச்சா?” என்றார். சொல்லிவிட்டு வெளியே போய் மாட்டுத் தொழுவத்தில் நின்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு நான் உலகம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சாவியைச் சொன்னேன், கருப்பட்டியைச் சொன்னேன், ஸ்டேஷனைச் சொன்னேன். உனக்கும் அந்தக் கதி வேண்டாம் தாயே, புருஷன் பேரைப் பிள்ளைக்கு வைத்தால் நீ ஒரு நாளும் அவனைக் கூப்பிட மாட்டாய், என்னை மாதிரி எய்யா எய்யா என்று ஊமையாக நிற்பாய் என்றேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

“நான் அவுக பேரச் சொல்லிருக்கேன் அத்த” என்றாள். எனக்கு விளங்கவில்லை. “ஆளில்லாத நேரம் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவுகதான் சொல்லச் சொன்னாக. எங்க அம்ம சொல்லி நான் கேட்டதே இல்ல, நீயாவது சொல்லுன்னாக.”

எய்யா, இதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுத என் மூன்றாம் வகுப்புப் படிப்புக்குத் தெரியவில்லை. நீ ஆசையை விடவில்லை. இன்னொரு வாயில் போய்க் கேட்டு வாங்கியிருக்கிறாய். கேட்கக் கேட்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எங்கேயோ ஒரு மூலையில் ஆறுதலாகவும் இருந்தது. அவள் அதோடு நிறுத்தவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“புருசன் பேரச் சொன்னா அவுக ஆயுசு கொறையும்பாகள்ல. தந்தி வந்ததுலருந்து நான் அதைத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன் அத்த. நான் சொன்னதாலதான் போயிட்டாகளோன்னு.”

ஒரே வீட்டில் நாங்கள் இரண்டு பேர். நான் சொல்லாததால் நீ போனாய் என்று நான் செத்துக்கொண்டிருந்தேன், சொன்னதால் போனாய் என்று அவள் செத்துக்கொண்டிருந்தாள். ஒருத்திக்கு மற்றவள் நெஞ்சு தெரியாமல் ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிட்டிருக்கிறோம். நான் அவள் வாயை என் கையால் பொத்தினேன். “நீ சொன்ன பேருதான் அவனுக்குக் கெடச்ச பேரு. நீயும் சொல்லாம இருந்திருந்தா அவன் அதுவும் இல்லாமப் போயிருப்பான்” என்றேன். அவள் கேட்டுக்கொண்டாளா தெரியவில்லை. அப்போதுதான் அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எனக்கு அந்தப் பேருதான் வேணும். நான் கூப்பிடுவேன். தெருவுக்கே கேக்கக் கூப்பிடுவேன், யாரு என்ன சொன்னாலும்” என்றாள். நான் இடுப்புச் சாவியை அவிழ்த்து அவள் பக்கத்தில் வைத்தேன். அதற்கு அவளிடமிருந்து நான் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை எய்யா. நீ கேட்டால் சொல்வதற்காக இதை எழுதுகிறேன்.

ஆகவே உன் பிள்ளையின் பேர் குத்தாலிங்கம். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் அவன் முதல் ஆளாக எழுந்து நிற்பான், கவலைப்படாதே. அச்சன்புதூர்க்காரர்களும் சுரண்டை மாமாவும் வந்திருந்தார்கள். காதில் பேர் சொல்வது தகப்பன் செய்ய வேண்டியது. தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாத்தா சொல்ல வேண்டும் என்று உன் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் கருப்பட்டித் தண்ணீரை விரலால் தொட்டுப் பிள்ளை நாக்கில் வைத்தார். பிறகு எழுந்து நின்றுகொண்டு, “அவ சொல்லட்டும்” என்று என்னைக் காட்டினார். உலகம்மா அவரிடம் என்ன சொல்லியிருந்தாளோ தெரியாது. வந்திருந்த பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மாமனார் பேராச்சே, இவள் எப்படி என்று ஒருத்தி முணுமுணுத்தாள். “நீங்க சொல்லுங்க அத்த” என்றாள் உலகம்மா.

உன் வேட்டியை விலக்கிக்கொண்டு தொட்டிலுக்குள்ளே குனிந்தேன். உன் காது மாதிரியே இருக்கிற அந்தக் காதுக்கிட்டே வாயைக் கொண்டுபோனேன். சொன்னேன். மூன்று தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. அடுத்த தடவை பாதிதான் வந்தது. கடைசித் தடவை முழுசாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வந்தது. வந்த பிறகு நானே திரும்பிப் பார்த்தேன், பின்னால் நின்று யாரோ சொல்கிறார்கள் என்று. அது என் சத்தம் மாதிரி இல்லை எய்யா. எய்யா என்று உன்னைக் கூப்பிடுகிற சத்தம் எனக்குத் தெரியும், தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இது யாரோ முன்பின் தெரியாத பொம்பளையின் சத்தமாக இருந்தது. பிள்ளை அழவில்லை. கருப்பட்டித் தண்ணீரைச் சப்பிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதிருந்து எனக்கு ஒரே நினைப்பாக இருக்கிறது. எல்லாரும் சாப்பிட்டுப் போய்விட்டார்கள், உலகம்மா முற்றத்தில் நின்று சொன்ன மாதிரியே தெருவுக்குக் கேட்க அவனைப் பேர் சொல்லிக் கொஞ்சுகிறாள், உன் அப்பா கேட்டும் கேட்காத மாதிரி கயிறு திரிக்கிறார். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தத் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நின்று, யாருக்கும் பயப்படாமல், என் வாயால் உன் பேரைச் சொல்லியே கூப்பிட்டிருந்தாலும், பிறந்ததிலிருந்து என் குரலில் அதைக் கேட்டறியாத உனக்கு, கூப்பிடுவது உன் அம்மாதான் என்று தெரிந்திருக்குமா எய்யா?